இரண்டு டாக் கார்டுகளும் தர்ஷிகாவின் நடையும்

கார்டு வந்த நாள்

சிட்னியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது 2010-ல். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை" என்று எல்லோரும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், குழந்தைகளுக்கான ஒரு சிறிய மறுவாழ்வு கிளினிக்கில் டெக்னிகல் ஆபீசராக எடுத்துக்கொண்டார்கள். அந்த கிளினிக் இப்போது இல்லை.

அங்கே ஒரு கெய்ட் லேப் இருந்தது. பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள் என்று அளக்கிற இடம். நீளமான அறை. தரையில் இரண்டு இரும்புத் தகடுகள் பதித்திருக்கும். பிள்ளை அதில் கால் வைத்ததும் எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் என்று தகடு சொல்லும். காலில் ஒட்டும் சென்சார்கள் தசைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பிடிக்கும். இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்து பார்த்தால், கால் தரையில் இருக்கும்போது எந்தத் தசை வேலை செய்கிறது, காற்றில் இருக்கும்போது எது வேலை செய்கிறது என்று தெரியும். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் அங்கே முக்கியம்.

லேப் தலைவி ஹெலன். பிசியோதெரபிஸ்ட். ஐம்பது வயதைத் தாண்டியவர். முதல் நாளே சொன்னார்: "கல்பனா, எனக்குக் கால் தெரியும். கம்ப்யூட்டர் தெரியாது. அந்தப் பக்கம் முழுக்க உன் பொறுப்பு." இத்தனை நாள் வேலை தேடி அலைந்தவளுக்கு அந்த வார்த்தை தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருடம் வயர் இல்லாத சென்சார்கள் வாங்கினோம். பழைய டாக் கார்டில் அத்தனை சிக்னலை வாங்கச் சேனல் இல்லை. டாக் கார்டு என்பது சென்சாரிலிருந்து வரும் சிக்னலை வினாடிக்கு ஆயிரம் முறை அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அட்டை. அதனால் இரண்டாவதாக ஒன்று வாங்கிப் போட்டேன். பழைய கார்டு தகடுகளுக்கு, புதிய கார்டு தசைகளுக்கு.

ஒவ்வொரு கார்டுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அதை ஓட்டுவது நகத்தளவு கிரிஸ்டல். எந்த இரண்டு கிரிஸ்டலும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஓட வைக்க நடுவில் ஒரு சிங்க் கேபிள் போட வேண்டும் என்று மேனுவலில் இருந்தது. படித்தேன். எங்கள் கார்டுகள் வேறு வேறு கம்பெனி. கேபிளைத் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு பிள்ளை நடப்பதைப் பதிவு செய்வது பத்து வினாடி. அதற்குள் எவ்வளவு விலகிவிடும்? ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கேபிள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அந்த முடிவு சரிதான்.

ரிசீவர் தொங்கியது

புதிய சென்சார்களிலிருந்து சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு ஒரு நோய் இருந்தது. பதிவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால், சில நேரம் வேலை செய்யாமல் அப்படியே தொங்கிவிடும். எல்லாவற்றையும் அணைத்துப் போட வேண்டும். கால் முழுக்க சென்சார் ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் காத்திருப்பார்கள், சின்னதுகள் அழும். ஒருநாள் ஒரு அம்மா, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று என்னிடம் சத்தம் போட்டுவிட்டார்.

புரோகிராமை மாற்றினேன். காலையில் லேப் திறந்ததும் இரண்டு கார்டுகளையும் ஓடவிட்டுவிடுவேன். சாயங்காலம் வரை நிற்காது. பிள்ளை நடக்கும்போது அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வேன். எந்த அளவு எந்த நேரத்தில் வந்தது என்று டைம்ஸ்டாம்ப் போடுவதற்கு, அந்தந்தக் கார்டு காலையிலிருந்து எத்தனை முறை அளந்திருக்கிறது என்று எண்ணி, ஆயிரத்தால் வகுத்தேன். ரிசீவர் அதற்குப் பிறகு தொங்கவே இல்லை. ஹெலன் கேக் வாங்கி வந்தார்.

பத்து வினாடி என்று நினைத்துப் போட்ட கணக்கு, நாள் முழுக்க ஓடும் கார்டுக்குப் பொருந்தாது என்று எனக்கு உறைக்கவில்லை. தினமும் காலையில் சோதித்தேன். ஒரு சென்சாரை எடுத்துத் தகட்டில் தட்டுவேன். தகட்டிலும் சென்சாரிலும் ஒரே இடத்தில் கோடு எழும்பும். சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மெஷின் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தால் சரியாக இல்லாமல் என்ன செய்யும்?

நடைபாதையில்

தர்ஷிகாவுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே இடது பக்கம் இறுக்கம். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, ஓரத்தில் ஊன்றும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சென்சார் ஒட்டும்போது, "கேன் ஐ கீப் ஒன்?" என்று கேட்டாள்.

அப்பா, அம்மா இருவரும் கூட வந்திருந்தார்கள். அம்மா ராஜி, அப்பா நேசன். வவுனியா பக்கம். படகில் வந்து, முகாமில் இருந்து, விசா கிடைத்து, ஹோம்புஷில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருந்தார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் ராஜி அக்காவின் முகம் மாறிய விதம் நினைவிருக்கிறது. "அட, எங்கட ஆள்!" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பரிசோதனை மதியம் இரண்டு மணிக்கு மேல் நடந்தது. ஹெலன் அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். தற்காலிகமாக வந்திருந்த பிசியோ நடக்க வைத்தார். ரிப்போர்ட் நான் தயாரித்தேன். சர்ஜனுக்கு நீளமான ரிப்போர்ட் பிடிக்காது என்பதால், பாதிப்புள்ள காலின் பக்கம் மட்டும் பிரிண்ட் ஆகிற மாதிரி அமைத்திருந்தேன்.

அதில் தர்ஷிகாவின் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும், பாதத்தைத் தூக்குகிற தசை, பாதம் காற்றில் இருக்கும்போது வேலை செய்யாமல், தரையில் ஊன்றியிருக்கும்போது இழுத்துக்கொண்டிருந்தது. சர்ஜன் அதை ஊன்றிப் பார்த்தார். அந்தத் தசைநாரைப் பிரித்து, ஒரு பாதியைப் பாதத்தின் வெளிப்பக்கத்தில் தைத்தால் பாதம் நேராகும் என்றார். பிறகு பல வாரம் மாவுக்கட்டு. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே நடைபாதையில் ராஜி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, எனக்கு வெட்டுறதெண்டாப் பயமாக் கிடக்கு. அவள் இப்ப நடந்து ஓடித் திரியிறாள். டொக்டர் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. சிகிச்சை பற்றி லேப் ஆட்கள் வாய் திறக்கக் கூடாது. "நான் சொல்லக் கூடாதுக்கா, டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேளுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பிரிண்ட் அவுட்டை விரித்தேன். கோடுகளை விரலால் காட்டி விளக்கினேன்.

"இதோ பாருங்கக்கா, கால் கீழ இருக்கும்போது இந்தத் தசை இழுக்குது. அதனாலதான் பாதம் திரும்புது. கண்ணுக்குத் தெரியாதது மெஷினுக்குத் தெரியும். என் பொண்ணா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், பண்ணிடுவேன்."

அப்போது எனக்குப் பிள்ளையே இல்லை.

"அப்ப சரி," என்றார் அவர். நேசன் அண்ணா, "தங்கச்சி சொன்னாப் பிறகென்ன," என்றார். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

வீடு மாறியது

மாவுக்கட்டோடு பிள்ளையை மூன்று மாடி தூக்க முடியாது. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே நேசன் அண்ணா நார்த்மீடில் தரைத்தளத்தில் ஒரு யூனிட் பிடித்தார். ஹோம்புஷிலிருந்து அவர் வேலை செய்த சந்தை நடந்து போகிற தூரம், நார்த்மீடிலிருந்து விடியற்காலையில் பஸ்ஸும் ரயிலும் மாற வேண்டும். தர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. வருடத்தின் நடுவில் அவளைப் புது வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

வீடு மாற்றிய சனிக்கிழமை நானும் என் கணவர் சரவணனும் போனோம். சரவணன் நண்பரிடமிருந்து, பின்னால் சாமான் ஏற்றுகிற யூட் வண்டி வாங்கி வந்தார். கட்டில், நாற்காலிகள், சமையல் சாமான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினோம். மதியம் ராஜி அக்கா புட்டும் மீன் குழம்பும் போட்டார். "இவதான் எங்களுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினது," என்று பக்கத்து யூனிட்காரரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

திரும்பும்போது வண்டியில் சரவணன், "உனக்கு இந்த வேலை நல்லா செட் ஆயிடுச்சு," என்றார். ஆமாம் என்றேன். ஒரு குடும்பத்துக்கு உதவிய நிறைவில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது எனக்கு மிகவும் கூசுகிற இடம் அந்த வண்டிப் பயணம்தான்.

நல்ல கால்

ஹெலன் விடுப்பு முடிந்து வந்தார். அறுவை சிகிச்சைக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அதற்காகத் தர்ஷிகாவின் முழுப் பதிவையும் திறந்து பார்த்திருக்கிறார். கூட்டத்தில் சர்ஜனும் தற்காலிக பிசியோவும் இருந்தார்கள். நான் கம்ப்யூட்டரை இயக்கிக்கொண்டிருந்தேன்.

"வலது காலைப் போடு," என்றார் ஹெலன்.

போட்டேன்.

"இது இந்தப் பொண்ணோட நல்ல கால்தானே? இது ஏன் இப்படி இருக்கு?"

பார்த்தேன். வலது காலிலும் அதே தசை, பாதம் ஊன்றியிருக்கும்போதுதான் இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் நான் என்ன சொல்லியிருக்கலாம்? "தெரியலை, பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இடது கால் பலவீனமா இருக்கிறதால வலது கால் ஈடு கட்டுதா இருக்கும்." முப்பது வருடமாகப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்த பெண்ணிடம், சேர்ந்து இரண்டு வருடம் ஆகாத நான் நடையைப் பற்றி விளக்கம் சொன்னேன். அத்தோடு விடவும் இல்லை. "சிஸ்டத்தை நான் தினமும் செக் பண்றேன்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

ஹெலன் கோபப்படவில்லை. "ரெண்டு காலும் ஒரே மாதிரி, ஒரே அளவு தாமதமா இருக்கு. கால் அப்படிச் செய்யாது கல்பனா. எப்ப செக் பண்ணுவே?"

"காலையில."

"இந்தப் பொண்ணு எப்ப நடந்தா?"

திரையில் பதிவின் நேரத்தைப் பார்த்தேன், மதியம் இரண்டைத் தாண்டியிருந்தது. சர்ஜன் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

எல்லோருமாக லேபுக்குப் போனோம். கார்டுகள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. ஹெலன் ஒரு சென்சாரை எடுத்து என்னிடம் நீட்டினார். குனிந்து தகட்டில் தட்டினேன். தகட்டின் கோடு எழும்பியது. சென்சாரின் கோடு அதற்குப் பக்கத்தில் இல்லை. கிட்டத்தட்ட கால் வினாடி தள்ளி இருந்தது. மறுபடி தட்டினேன், அதே இடைவெளி. ஒரு பிள்ளை ஒரு முழு எட்டு எடுத்து வைக்க ஒரு வினாடி ஆகும். அதில் கால் வினாடி விலகினால், காற்றில் நடந்தது தரையில் நடந்ததாகிவிடும்.

புதிய கார்டின் கிரிஸ்டல் பழையதைவிடத் துளி வேகம். அவ்வளவுதான். காலையில் ஒன்றாகப் புறப்பட்டு மதியத்துக்குள் பிரிந்துவிட்டன. தர்ஷிகாவின் தசை சரியான நேரத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதை வெட்டி மாற்றித் தைத்திருந்தால், பாதத்தைத் தூக்குவதற்கு அவளிடம் இருந்த ஒரே நல்ல பலத்தைக் குறைத்திருப்போம்.

"நல்லவேளை," என்றார் சர்ஜன். யாரும் என்னைத் திட்டவில்லை. சொல்லப்போனால் அன்று யாராவது திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

அந்த அறை

குடும்பத்தை அழைத்துச் சொல்ல வேண்டும். சர்ஜன், ஹெலன், நேரில் வந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், நான். நான் வர வேண்டியதில்லை என்று ஹெலன் சொன்னார். வருகிறேன் என்றேன். துணிச்சலால் அல்ல. நான் இல்லாத இடத்தில் அவர்கள் என்னைப் பற்றிக் கேட்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

சர்ஜன் மன்னிப்புக் கேட்டார். கருவியில் ஒரு பிழை, அதனால் தவறான முடிவுக்கு வந்துவிட்டோம், அதே பதிவை நேரம் திருத்தி மறுபடி பார்த்துவிட்டோம், இப்போது அறுவை சிகிச்சை தேவையில்லை, காலை நேராகத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டும் பயிற்சியும் போதும் என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

நேசன் அண்ணா கைகூப்பினார். "வெட்டாமத் தப்பிச்சுதே, அது காணும். மெசின் தானே ஐயா, பிழை விடும்."

நான் தமிழில் குறுக்கிட்டேன். "மெஷின் தப்பு இல்லண்ணா. அதை அப்படி ஓட விட்டது நான்தான். மதியம் செக் பண்ணாதது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

ராஜி அக்கா அதுவரை மகளின் ஜாக்கெட்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"மெசின் பிழை விடட்டும், எழுதினது பிழையா இருக்கட்டும். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் மெசினையோ கேட்டனான்? உங்களையெல்லோ கேட்டனான். உங்கட பிள்ளையெண்டாச் செய்வன் எண்டு சொன்னியள்."

மொழிபெயர்ப்பாளர் வேலையை விடாமல் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். ஹெலன் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நடைபாதையில் நடந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தர்ஷிகா பெரியவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸோ ஐ சேஞ்ச்ட் ஸ்கூல்ஸ் ஃபார் நத்திங்?" என்றாள்.

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹோம்புஷ் ஃபிளாட்டுக்கு அதற்குள் வேறு குடும்பம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. விதியை மீறிப் பேசியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. மதிய நேரத்தில் வந்து நடந்த எல்லாப் பிள்ளைகளின் பதிவுகளையும் எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து திரும்ப வரச் சொன்னோம். போன் செய்வதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு அப்பா, "உங்களை எப்படி இனிமே நம்பறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நல்லவேளையாக வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கோடுகளை வைத்து முடிவு எடுத்திருக்கவில்லை.

கேபிளைச் செய்தேன். அரை நாள் வேலை. பழைய கார்டின் கடிகாரத்திலேயே புதிய கார்டும் ஓடியது. அதன் பிறகு நாள் முழுக்க ஓடவிட்டுத் தட்டினாலும் கோடுகள் ஒன்றாகவே எழும்பின. அதைப் பார்க்கும்போது நிம்மதி வரவில்லை. இவ்வளவுதானா என்றுதான் தோன்றியது.

நார்த்மீட் வீட்டுக்கு ஒருமுறை போனேன். நேசன் அண்ணா கதவைத் திறந்தார். "வாங்கோ, இருங்கோ," என்றார். தேத்தண்ணி கொடுத்தார். ராஜி அக்கா உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன். "போட்டு வாங்கோ," என்றார் அவர். பிறகு போகவில்லை.

2013-ல் தர்ஷிகா மறுபரிசோதனைக்கு வந்தாள். நன்றாக உயர்ந்திருந்தாள். ஸ்பிளிண்ட் போட்ட கால் நேராக ஊன்றியது. ராஜி அக்காவுடன் வந்திருந்தாள். நான் லேபில் இருந்தேன். ராஜி அக்கா வரவேற்பில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. நான் தர்ஷிகாவின் காலில் சென்சார் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஹெலன் ஆங்கிலத்தில் கேட்பதும், அது தமிழாவதும், ராஜி அக்கா தமிழில் சொல்வதும், அது ஆங்கிலமாவதும் என் தலைக்கு மேல் நடந்தன.

ஆரம்பிக்கும் முன் ராஜி அக்கா ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மெசினை இண்டைக்கு எத்தனை மணிக்குச் சரிபார்த்தவை எண்டு கேளுங்கோ."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் வரும்வரை காத்திருந்தேன். வந்தது. "நீங்கள் உள்ளே வருவதற்குச் சற்று முன்னால்தான்," என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அது மறுபடி தமிழாகி அவரிடம் போனது.

"ஓம்," என்றார். மகளைப் பார்த்து, "நட பிள்ளை," என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்று நான் சொல்வது இவ்வளவுதான். கேபிளைப் போடுங்கள். சோதனையைக் காலையில் மட்டும் செய்யாதீர்கள், அளக்கும் நேரத்தில் செய்யுங்கள். எதையாவது மாற்றினால், அதற்கு முன் எடுத்த முடிவுகள் இன்னும் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இவற்றை எந்த மேனுவலிலும் படித்துக்கொள்ளலாம். மேனுவலில் இல்லாதது ஒன்று உண்டு. யாராவது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும்.